ஆம்பூர் ஜெயசீலன் அண்ணனும் அந்த ஜோடி நட்சத்திரமும்

ஜெயசீலன் அண்ணன் போய்விட்டார். காலையில் அவர் மகள் ஸ்டெல்லா போன் செய்தாள்... நாளை ஆம்பூரில் அடக்கம்.

எண்பதுகளில் மலைமேல் ஒரு அப்சர்வேட்டரியில் நானும் அவரும் ஒரே ரூமில் வேலை. கண் சிமிட்டுவதற்குள் எடுத்த நட்சத்திரப் படங்கள் ஆயிரக்கணக்கில் பிலிம் சுருளாக வரும்.

நட்சத்திர வெளிச்சத்தைக் காற்று கலைத்துவிடுவதால் ஒவ்வொரு படத்திலும் வெறும் புள்ளிக் கூட்டம்தான். எல்லாப் படத்திலும் புள்ளிகளின் இடைவெளியை அளந்து, கம்ப்யூட்டரில் சராசரி எடுத்தால்தான் அது ஒற்றை நட்சத்திரமா, ஜோடியா என்று தெரியும்.

"நல்லது கெட்டது பாக்காத. எல்லாத்தையும் போடு" என்று நான் சேர்ந்த அன்றே அண்ணன் சொன்னார்.

நான் அதற்கு முன் டேனரியில் நாலு வருஷம் தோல் தரம் பிரித்தவன். கீறல், ஓட்டை, உண்ணிக் கடி... கண் பார்த்ததும் கை ஒதுக்கிவிடும்.

அந்தக் கை சும்மா இருக்குமா? ஒரு சுருளில் கலங்கலான படங்களை எல்லாம் கழித்தேன். இரண்டு புள்ளி பளிச்சென்று பக்கத்தில் இருந்தவற்றை மட்டும் அளந்து கொடுத்தேன். அண்ணன் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஜோடி என்று ரிசல்ட் வந்தது. மேலே இருந்த விஞ்ஞானிகள் அறிக்கை எழுதி வெளியே அனுப்பினார்கள். அதே நட்சத்திரத்தை வேறு ஊரில் பார்த்தவர்கள், அங்கே இருப்பது ஒன்றே ஒன்று என்று பதில் எழுதிவிட்டார்கள். மானம் போயிற்று.

"யார் கழித்தது?" என்று விசாரணையில் கேட்டார்கள். நான் டெம்பரரி, மனைவிக்கு ஒன்பதாம் மாதம்...

"நான்தான் சார்" என்றார் அண்ணன்.

வெளியே வந்து அழுதேன். "பேஜார் பண்ணாதப்பா. உனுக்குப் புள்ள பொறக்கப் போவுது" என்றார். அவர் வேலை போனது. பிறகு கடைசிவரை ஒரு ஷூ கம்பெனியில் வாட்ச்மேன்.

ஒருமுறை பள்ளிகொண்டா பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது? பையன் இன்னா படிக்கிறான், அத சொல்லு."

பையன் படிப்பை மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். கோழை.

இன்று ஸ்டெல்லா போனில் சொன்னாள். "அப்பா அன்னிக்கி கொஞ்சம் கவனமா இருந்திருந்தா அம்மா இவ்ளோ கஷ்டப்பட்டிருக்க மாட்டாங்க அங்கிள்."

அப்போதும் நான் "உம்" என்றுதான் சொன்னேன்.

ஸ்டெல்லாம்மா, உங்கப்பா எந்தத் தப்பும் செய்யவில்லை. செய்தவன் நான். நாளை வருகிறேன். உள்ளே வரக்கூடாது என்றால் கேட்டுக்கு வெளியே நின்றுகொள்கிறேன்.

போய் வாருங்கள் அண்ணே...