வைக்கோலுக்குள் வைத்த பலவீனம்

ஹந்தானையில் எங்கள் கோயிலில் நத்தார் பண்டிகைக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் பலவீனத்தைத் துண்டுத்தாளில் எழுதி, குடிலில் பாலன் இயேசுவின் வைக்கோலுக்குள் வைப்போம். பிறகு யாரும் படிக்காமல் எரிக்க வேண்டும். ஒரு வருடம் நான் "ஜெபத்தில் தூங்கிவிடுகிறேன்" என்று எழுதி வைத்தேன்.

அந்த முறை எரிக்கும் பொறுப்பு எனக்கு. மற்றவர்கள் என்னதான் எழுதியிருப்பார்கள்? ஆவல் தாங்காமல் ஒன்றைப் பிரித்தேன். என் கணவரின் கையெழுத்து.

"மனைவி கத்துவாளோ என்று பயந்து பொய் சொல்கிறேன்."

வேறு நாளென்றால் வீடு இரண்டாகியிருக்கும். அன்று என் துண்டைத் தேடியெடுத்தேன்.

அவர் வாசலில் வந்து நின்றார். "இன்னும் எரிக்கலையா?"

"என்னோடதுல ரெண்டு வரி விட்டுப்போச்சுங்க. பேனா இருக்கா?"

அவருடைய பேனாவால்தான் என் கோபத்தையும் அந்த ஆவலையும் எழுதினேன். ஆனால் அவருடைய துண்டைப் படித்ததை அவரிடம் சொல்ல இன்றுவரை எனக்குப் பயம்.