அப்பா கேட்ட இரும்புக்கூடு

போன கிழமை காரை விலைக்குப் பார்க்க ஒருவர் வருவதாகச் சொன்னதால் டாஷ்போர்ட் பெட்டியைத் துப்பரவாக்கக் காருக்குள் உட்கார்ந்தேன். காய்ந்துபோன பேனைகள், பழைய பற்றுச்சீட்டுகள், விபூதி மடித்த ஒரு கடதாசிச் சரை. எல்லாவற்றுக்கும் அடியில் காரோடு வந்த ஜப்பானிய மொழிக் கைநூல். அதை இந்த வீட்டில் ஒருவரும் திறந்ததில்லை, திறந்து என்ன செய்ய? கையில் எடுத்தபோது நடுவிலிருந்து நாலாக மடித்த ஒரு வரைபுத்தாள் மடியில் விழுந்தது. மேல் மடிப்பில் சிவப்பு மையில் ஒரு வளைவு தெரிந்தது. அது என்னவென்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அப்பா அதை எப்போதோ கிழித்தெறிந்திருப்பார் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். விரித்துப் பார்க்கத் துணிவு வரவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அரசாங்கக் கந்தோரில் படவரைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். வீட்டில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் முதலில் தாளில் கோடு போடுவார். அண்ணாவும் நானும் அவரை எவ்வளவோ பகிடி பண்ணியிருக்கிறோம். அண்ணா இறந்துபோனது யாழ்ப்பாணத்தில் ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பும் வழியில். வாடகை வான். முன்னுக்கு டிரைவரோடு அப்பா, நடுவில் அம்மா, பின் இருக்கையில் அண்ணாவும் நானும். ஏறினவுடன் அண்ணா இருக்கையின் இடுக்கில் கையை விட்டு பெல்ட்டின் பூட்டைத் தேடினார். அது மெத்தைக்கு அடியில் எங்கேயோ புதைந்து கிடந்தது. அப்பா திரும்பிப் பார்த்து, "பின்னுக்கு இருக்கிறவனுக்கு என்னத்துக்கடா பெல்ட்? பேசாமல் படு" என்றார். எங்கள் ஊரில் யார்தான் பின்னுக்கு இருந்து பெல்ட் போடுகிறார்கள்? நான், "அண்ணா பிளேனில போறார்" என்று சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்துவிட்டுக் கையை எடுத்தார். புத்தளத்துக்குக் கிட்ட டயர் வெடித்து வான் மூன்று தரம் புரண்டது. எனக்குக் காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று. அண்ணா கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே வீசப்பட்டுக் கிடந்தார்.

வெளியே வீசப்பட்டதால்தான் உயிர் போனதென்று ஆசுபத்திரியில் டொக்டர் தெளிவாகவே சொன்னார். ஆனால் அப்பாவின் கண்ணில் நின்றது பொலிஸ் வளவுக்குள் நிறுத்தியிருந்த வானின் சப்பளிந்த கூரை மட்டும்தான். துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவருக்கும், "கூரை தாங்கேல்லை, தகரம், வெறும் தகரம்" என்று சொன்னார். பெல்ட் என்ற சொல் எங்கள் வீட்டில் இல்லாமலே போயிற்று. நானும் அதை எடுக்கவில்லை. எடுத்தால் என்னுடைய சிரிப்பும் கூடவே வரும் என்ற பயம்.

இரண்டு வருடம் கழித்து நான் இந்தச் சின்னக் காரை வாங்கினேன். வெள்ளவத்தையிலிருந்து கோட்டையில் உள்ள கந்தோருக்குப் போய்வரத்தான். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவர் எங்கேயோ ஒரு காணொளியில், ஓட்டப்பந்தயக் கார் ஒன்று உருண்டு உருண்டு போய் நிற்க, உள்ளே இருந்தவன் தூசியைத் தட்டிக்கொண்டு இறங்கி வருவதைப் பார்த்துவிட்டார். உள்ளே இரும்புக் குழாய்களால் கூடு கட்டியிருந்தார்களாம். அன்றைக்கே என் காரை அளக்கத் தொடங்கினார். நாலு நாளில் படம் தயார். நீல மையில் கார், சிவப்பு மையில் கூடு, சாரதி இருக்கையில் என் தலைக்கு ஒரு வட்டம். பின் இருக்கையைக் கழற்றிவிட வேண்டும். குழாய் அந்த இடத்தால்தான் இறங்குமாம். "பின்னுக்கு ஒருத்தரும் ஏறத் தேவையில்லை" என்றார். "அப்பா, நான் வேலைக்குப் போறனோ, சண்டைக்குப் போறனோ?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டுபோய், "அந்த மனிசன் இரவில நித்திரை கொண்டு எத்தினை நாள் தெரியுமே? கேக்கிறதைச் செய்து குடன் பிள்ளை" என்றார். ஓமென்றேன். மனமெல்லாம் எரிச்சல்தான், ஆனாலும் ஓமென்றேன்.

கொட்டாஞ்சேனையில் கராஜ் நடத்தும் ஒரு மெக்கானிக் பாஸ் ஓட்டப்பந்தயப் பொடியன்களுக்கு இப்படிக் கூடு போட்டுக் கொடுப்பதாக அறிந்து, ஒரு சனிக்கிழமை காலை இரண்டு பேரும் போனோம். பாஸ் கத்தோலிக்கர். மேசைக்கு மேலே மாதா படம், அதன்கீழ் வெல்டிங் முகமூடி. அப்பா தொலைபேசியில் சொன்ன அளவுக்கு ஒரு குழாயை ஏற்கெனவே வளைத்து வைத்திருந்தார். நல்ல காரியம் தொடங்குவதென்றால் அப்பாவுக்குத் தேங்காய் அடிக்காமல் முடியாது. பையிலிருந்து தேங்காயை எடுத்துக் கற்பூரம் காட்டினார். எண்ணெய் ஊறிய அந்தத் தரையில் அடிக்க மனம் வரவில்லை, சுற்றுமுற்றும் கல்லும் இல்லை. மேசையில் கிடந்த அந்த வளைந்த குழாயிலேயே அடித்தார். அவ்வளவு பலமாகவும் அடிக்கவில்லை. ஒரே அடியில் தேங்காய் இரண்டு பாதியாகி, தண்ணீர் அவருடைய செருப்பில் ஊற்றியது. "நல்லா உடைஞ்சிருக்கு" என்று சந்தோஷப்பட்டார். பாஸ் சந்தோஷப்படவில்லை.

"சேர், கோவிக்காதீங்க" என்றார் பாஸ். "நான் வேலை வேணாம்னு சொல்ற ஆள் இல்ல. ஆனா ரேஸ் ஓடுற பொடியன்மாருக்கு ஹெல்மெட் இருக்கு, ரெண்டு தோளையும் இறுக்கிப் பிடிக்கிற பெல்ட் இருக்கு. மிஸ் சும்மா காலி ரோட்டுல போற ஆள். பின்னால ஒரு பஸ் வந்து தட்டினாப் போதும், தலை போய் இந்தக் கம்பியிலதான் அடிபடும். தேங்காய்க்கு என்ன நடந்திச்சின்னு பாத்தீங்கதானே."

"ரப்பர் சுத்துவம்" என்றார் அப்பா.

"சுத்தலாம். ரப்பருக்குள்ளயும் இரும்புதானே சேர்?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. உன்ர கார்" என்றார். நான் சொல்ல வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. 'வேண்டாம் அப்பா' என்றால் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கூரையை இரண்டு வருடமாகக் கேட்டுக்கேட்டு எனக்குள் ஏதோ புளித்துப்போயிருந்தது போல. "அண்ணா கூரை விழுந்து சாகேல்லை. பெல்ட் போடாமல் செத்தவர். போட வேண்டாமெண்டு சொன்னது நீங்கள்தானே" என்றேன். முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு முன்னால் சொன்னேன். என் நாக்கில் சூடு வைக்க வேண்டும்.

அப்பா படத்தை இரண்டாக மடித்து, பிறகு நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்தார். "குறை நினையாதேங்கோ பாஸ், உங்களை அலைக்கழிச்சுப்போட்டன்" என்று சொல்லிவிட்டுப் போய்க் காருக்குள் ஏறினார். அப்பா பெல்ட்டை ஒருநாளும் ஒழுங்காகப் பூட்டுகிறவர் இல்லை. பொலிஸ்காரனைக் கண்டால் நெஞ்சுக்கு மேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, தாண்டியதும் விட்டுவிடுவார். அன்றைக்குப் பூட்டினார். கிளிக் என்ற அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் நான் காரை எடுத்தேன்.

அதன்பிறகு அவர் கூரையைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒவ்வொரு நாள் காலையும் மாடியிலிருந்து இறங்கி வந்து கேற்றடியில் நிற்பார். நான் பெல்ட்டைப் பூட்டும் சத்தம் கேட்டால்தான் கேற்றைத் திறப்பார். மழையென்றால் குடையோடு நிற்பார். ஐந்து வருடம் அப்படி நின்றார். கூடு போடாதது சரிதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மனிதர் ஒதுங்கி நிற்கத் தனக்கென்று ஒரு கூரையை வைத்திருந்தார், அதை நான் பிடுங்கினேன். பிடுங்கியபோது என் பங்கைச் சொல்லாமல் முழுப் பழியையும் அவர் தலையில் வைத்தேன். 'நானும் சிரிச்சனான் அப்பா' என்று ஒரு நாள் கேற்றடியில் காரை நிறுத்திச் சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு காலை, கேற்றைத் திறக்க அவர் இல்லை.

கார் வாங்க வந்தவர் கேற்றுக்கு வெளியே வந்து நின்று தொலைபேசியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை. தாளை விரித்தேன். நீலக் கார், சிவப்புக் கூடு, என் தலைக்கு வட்டம், எல்லாம் கராஜில் பார்த்தபடியே இருந்தன. அன்று இல்லாத ஒன்றும் இருந்தது. சிவப்புக் குழாய்களுக்கு மேலாலேயே, கழற்றச் சொன்ன பின் இருக்கையை அப்பா பென்சிலால் திரும்ப வரைந்திருந்தார். அதில் இன்னொரு தலை. அந்த உருவத்தின் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காக, அடிமட்டம் வைத்து இழுத்த இரண்டு கோடுகளில் ஒரு பெல்ட். பூட்டு வரும் இடத்தில் பென்சிலை அழுத்தி அழுத்தித் தீட்டியதில் தாள் பொத்துப்போயிருந்தது. "நானும் சிரிச்சனான் அப்பா" என்று அந்தப் பொத்தலைப் பார்த்துச் சொன்னேன்.