மாமாவின் மூன்றாவது கோப்பை

மாமாவின் மகள் கலா மச்சாள் கைபேசியில் அழைத்தபோது நான் கடைத்தெருவில் தையல்நூல் வாங்கிக்கொண்டு நின்றேன். "அப்பா மோசம் போயிட்டாரடி" என்றாள். மாமா இறந்த சேதி அது. நூலை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

இந்த நினைவுப் புத்தகத்தை வாசிப்பவர்களில், துறைமுக ஜெட்டியில் மாமாவோடு வேலை செய்த உங்களுக்கு அவருடைய உரத்த குரல் தெரியும். பாலையூற்று வீட்டில் எங்களுக்குத் தெரிந்தவர் வேறு ஆள். அவர் கோப்பித்தூள் வைக்கும் தகரப் பேணியின் காவல்காரர். சாமான்கள் விலை ஏறிய வருடம் தொடங்கிய காவல் அது. தூளைக் கரண்டியில் எடுத்துக் கத்தியின் முதுகால் வழிப்பார். வழித்ததைப் பேணிக்குள்ளேயே தட்டுவார். சீனி கோப்பிக்குள் விழாது, உள்ளங்கையில் ஒரு நுள்ளு மட்டும். "நக்கி நக்கிக் குடியுங்கோ. சீனி நாக்குக்குத்தானே, கோப்பிக்கு என்னத்துக்கு?"

பின்னேரம் ஒரு கேத்தில் கோப்பி, மூன்று கோப்பை. ஒன்று அவருக்கு, ஒன்று மாமிக்கு. மூன்றாவது, அன்று நல்ல கதை கொண்டுவருபவருக்கு. "கதை இல்லாட்டி பச்சைத்தண்ணி" என்பதுதான் சட்டம். மருந்துக்கடையில் வேலை செய்யும் கலா மச்சாளுக்குக் கதைக்கா பஞ்சம்? தினமும் அவளே வெல்வாள்.

அம்மா வெளிநாட்டில் வேலை செய்வதால் நான் மாமா வீட்டில் வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். நாலு பேர் பார்த்தால் எனக்கு வாய் திறக்காது. "என்ன பிள்ளை, இண்டைக்கும் ஒண்டும் இல்லையோ?" என்று மாமா கேட்பார். தலையாட்டிவிட்டு வாசத்தை மட்டும் குடிப்பேன். அந்தக் கோப்பையில் எனக்கு எவ்வளவு ஆசை என்று ஒருவருக்கும் தெரியாது. என்னைக் கதைக்கப் பழக்கத்தான் அவர் அப்படிச் செய்தார் என்று செத்தவீட்டில் சிலர் சொன்னார்கள். இல்லவே இல்லை. தூளை மிச்சம் பிடிக்கத்தான் செய்தார்!

ஒரு நாள் கடைத்தெருத் துணிக்கடையிலிருந்து ஓடிவந்து குசினிக்குள் பாய்ந்தேன். கேத்தில் அடுப்பில் இருந்தது.

"மாமா, மான்!"

"எந்த மான்?"

"கோட்டைப் பக்கத்தில திரியிற மான்களில ஒண்டு. துணிக்கடைக்குள்ள வந்திட்டுது. கண்ணாடிக்கு முன்னால நிண்டு தன்னையே பார்த்தது."

"பிறகு?"

"கூறைச்சீலை பார்க்க வந்த அன்ரி ஒராள், தன்னைத்தான் பார்க்குதெண்டு தலைப்பைச் சரிசெய்தா."

"பிறகு?"

"முதலாளி சாமிப் படத்துக்குப் போட வைச்சிருந்த மாலையைத் தின்னத் தொடங்கிச்சு..."

"ஐயோ, கோப்பி பொங்குது! கண் தெரியேல்லையோ?" என்று மாமி கத்தினார்.

மாமா திரும்பவே இல்லை. "பொங்கட்டும், சும்மா இரு. பிறகு, பிள்ளை?"

கோப்பி பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. மாமி வாயில் கை வைத்தபடி நின்றார். எனக்கோ நிறுத்த முடியவில்லை.

"மாலை முடிய, வந்த வழியால போயிட்டுது. முதலாளி வாசல்வரைக்கும் போய், 'பிறகும் வாங்கோ' எண்டு கும்பிட்டார்!"

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பேணியைத் திறந்தார். ஒரே நாளில் இரண்டாவது கேத்தில்! கரண்டியை வழிக்கவும் இல்லை.

"அப்பா, இது அநியாயம்! எனக்கு ஒருநாளும் குவிச்சுப் போடேல்லை" என்றாள் மச்சாள்.

"உன்ர கதையில மான் வரட்டும், போடுறன்."

என் கோப்பை கரிக்கறுப்பாக இருந்தது. அவ்வளவு கசப்பான கோப்பியை அதற்கு முன் நான் குடித்ததில்லை. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். மறுநாளிலிருந்து கதை தேடித் தெருத்தெருவாகக் கண்ணை விரித்துக்கொண்டு நடந்தேன். பல நாள் தோற்றேன். சில நாள் மச்சாளையே வென்றேன்!

பேணி இப்போது மாமியிடம். எனக்கு மாமா விட்டுப்போனது அந்தப் "பிறகு?"தான். ஒரு மனிதர் கோப்பி பொங்குவதையும் பாராமல் என்னிடம் கேட்டது அது. மாமாவின் இந்த முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்களே, சாப்பிட்டவுடன் போய்விடாதீர்கள். மாமாவைப் பற்றி என்னிடம் இன்னும் நிறைய இருக்கிறது. பந்தலுக்கு நடுவில்தான் நிற்பேன். கேளுங்கள், சொல்கிறேன்.