இலக்கம் பார்த்து வாங்கிய நீல வண்டி

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆறு பேரில் ஒருவரையும் நான் பசியோடு படுக்க விட்டதில்லை. ஒருவர் வாசலிலும் போய்க் கை நீட்டி நின்றதில்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன். பின்னால் வருவதை வாசித்துவிட்டு, இவள் ஒன்றுக்கும் உதவாதவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நாலாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. தமிழை எழுத்துக் கூட்டி எழுதுவேன். இதில் ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் ஆகிறது. பிரெஞ்சு எழுத்து இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் இலக்கம் பிடிபடும். இலக்கம் எந்த நாட்டிலும் இலக்கம்தான். நாங்கள் இருக்கிற லா சப்பலில் எந்த பஸ்ஸில் ஏறுவது, எந்த மாடியில் மருத்துவர், எந்தக் கடுதாசி அவசரம், எல்லாம் இலக்கத்தைப் பார்த்தே அறிந்துகொள்வேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமை செய்த வேலையைத்தான் எழுதுகிறேன்.

என் இளைய மகன்தான் எங்கள் வீட்டிலிருந்து முதலில் இந்த நாட்டுக்கு வந்தவன். வந்த கிழமையே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனான். பிறகு வெங்காயம் வெட்டினான், பிறகு சமைத்தான். எத்தனையோ வருடம் மற்றவர்களின் குசினியில் நின்றே இருந்தான். கடைசியில் முதுகு சொல்லத் தொடங்கியது. காலையில் கட்டிலிலிருந்து எழும்ப, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பான். மருத்துவர் இனி இந்த வேலை வேண்டாம் என்றார். வேறு வேலை அவனுக்குத் தெரியாது.

அதனால் அவன் ஒரு காரியம் செய்தான். சில்லு வைத்த பெரிய பெட்டி ஒன்றை வாங்கி, அதற்குள் ஒரு குசினியைக் கட்டினான். வண்டியின் பின்னால் கொளுவி இழுத்துப் போகிற பெட்டி. இங்கே அதை ரெமோர்க் என்பார்கள். கொத்து ரொட்டி போடுகிற தடித்த இரும்புத் தட்டு, காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, ஒரு பக்கம் திறந்தால் பந்தல்போல நிற்கிற கதவு. ஓய்வு நாள் முழுவதும் அதற்குள்தான் கிடப்பான். இருந்து சமைக்க ஓர் உயரமான நாற்காலிகூட வைத்திருந்தான்.

“அம்மா, சொந்தக் குசினியெண்டால் முதுகு நோகேக்கை இருக்கலாம். ஒருத்தரும் ஏன் இருக்கிறாய் எண்டு கேக்கமாட்டினம்” என்று சொன்னான்.

அந்தப் பெட்டி பக்கத்து ஊரான பொபினியில் தெரிந்தவர் ஒருவரின் வளவில் நின்றது. அவர் வளவை விற்கப்போவதாகவும் கோடைக்கு முன் பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அந்தக் கோடையில் நம்மவர்களின் விளையாட்டுப் போட்டி ஒன்றில் கடை போட மகனுக்கு இடமும் கிடைத்திருந்தது. பெட்டியோ ஒரு சிறிய வீட்டின் பாரம். சாதாரணக் கார் அதை அசைக்காது. நல்ல பலமுள்ள டீசல் பிக்கப் ஒன்று வேண்டும். புதியது எங்களுக்கு எட்டாது. பழையதில் ஒன்று பார்க்க வேண்டும்.

எங்கள் கட்டடத்தில் இரண்டாம் மாடியில் புதுச்சேரிக்காரர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சு இராணுவத்தில் பார லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய இழுவைக்கான லைசென்ஸ் அவரிடம் இருந்தது. மகனிடம் இருந்தது கார் லைசென்ஸ் மட்டும். மற்றதைப் பிறகு எடுக்கலாம் என்று இருந்தான். அவர், மகன், நான், மூவரும் போனோம். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானே சேலையைக் கட்டிக்கொண்டு கீழே வந்து நின்றேன்.

வண்டி விற்கிற வளவில் இரண்டு பிக்கப் நின்றன. ஒன்று வெள்ளை. கதவு நெளிந்து, சீட்டுக் கிழிந்து, நாய் கிடந்து எழும்பின மாதிரி ஒரு மணம். மற்றது நீலம். கழுவித் துடைத்து, கண்ணாடி மாதிரி.

புதுச்சேரிக்காரர் நிறத்தைப் பார்க்கவில்லை. முதலில் இரண்டு வண்டியின் மூக்கிலும் கையை வைத்துப் பார்த்தார்.

“நீலம் சூடா இருக்கே. நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்கான். வெள்ளை ஜில்லுன்னு கிடக்குது, அத ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க தம்பி.”

வெள்ளை ஒரே திருப்பில் எழும்பியது. பிறகு அவர் நிலத்தில் ஒரு காகித மட்டையைப் போட்டு மல்லாக்கப் படுத்து, இரண்டு வண்டிக்கும் அடியில் போய், ஒரு சாவியால் இரும்பைத் தட்டித் தட்டிக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது.

“ஐயா, கீழை படுத்துக் கிடந்து என்னத்தைக் கண்டியள்? நித்திரையோ?”

“நித்திரை இல்லம்மா. நீலத்துக்கு அடியில புதுசா கறுப்பு பெயிண்ட் அடிச்சிருக்காங்க. மேல அடிச்சா அழகுக்கு. கீழ எதுக்கு அடிக்கணும்? யாரு பாக்கப் போறா?”

“நீங்கள்தான் பாக்கிறியளே!”

மகன் சிரித்தான். அவரும் படுத்தபடியே சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்ததில்லை.

அவர் எழுந்து தூசி தட்டிக்கொண்டு, வண்டியின் பதிவுப் பத்திரங்களை வாங்கி வாசித்தார். இழுக்கிற பாரம் இரண்டிலும் போதும் என்றார். ஆனால் வெள்ளையையே எடுங்கள் என்றார்.

அப்போதுதான் நான் இலக்கத் தகட்டைப் பார்த்தேன். வெள்ளையில் நாலு, ஒன்று, மூன்று. கூட்டினால் எட்டு.

என் மனிதரிடம் ஊரில் ஒரு லொறி இருந்தது. வெங்காயம் ஏற்றுவார். அந்த லொறியின் இலக்கத்தைக் கூட்டினாலும் எட்டுத்தான். வாங்கிய அன்றே அவருடைய தமக்கை சொன்னார், எட்டு சனியனின் இலக்கம், வீட்டுக்குள் விடாதே என்று. நான் சிரித்தேன். ஒரு காலை வெங்காயத்தோடு போனவர்தான். லொறியும் வரவில்லை, அவரும் வரவில்லை. அன்று சிரித்த என் வாயை நான் மன்னிக்கவேயில்லை.

“இது வேண்டாம்” என்றேன்.

“ஏனம்மா?”

“எட்டு.”

மகன் தகட்டைப் பார்த்தான். என் முகத்தைப் பார்த்தான். புதுச்சேரிக்காரர்தான் விடவில்லை.

“அம்மா, நம்பர்ல எழுத்தும் இருக்குதில்ல? எழுத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. அதையும் சேத்துக் கூட்டினா வேற வருமே.”

“எழுத்து எனக்குத் தெரியாது, ஐயா. இலக்கம் தெரியும்.”

பிறகு நீலத்தின் பின்பக்கம் போனேன். அது பழைய மாதிரித் தகடு. நாலு, ஒன்று, இரண்டு, நடுவில் எழுத்து, கடைசியில் இரண்டு, ஒன்பது. கூட்டினால் பதினெட்டு. பதினெட்டைக் கூட்டினால் ஒன்பது. ஒன்பதைவிட நல்ல இலக்கம் உண்டா?

“இதுதான்” என்றேன்.

“அந்தக் கடைசி இருபத்தொன்பது என்னன்னு தெரியுமா?” என்று அவர் கேட்டார். “அது மாவட்டத்தோட நம்பர். அந்த மாவட்டம் கடல் பக்கம். பின்னாடி இழுக்கிற கொக்கியப் பாருங்க, நல்லாத் தேஞ்சிருக்கு. படகு இழுத்த வண்டிம்மா இது. உப்புத் தண்ணிக்குள்ள பின்னாடியே இறக்கி இறக்கி ஏத்தியிருப்பான். சீட்டு கிழிஞ்சா தைச்சுக்கலாம். இத அடியில தைக்க முடியாது.”

நான் கூட்டிய அதே இலக்கத்தை அவர் வாசித்தார். கூட்டுவதற்கும் வாசிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அப்போது தெரியவில்லை.

“கடலிலை ஓடினதெண்டால் நல்லாக் குளிச்சிருக்கும்” என்றேன். “மோனை, எட்டை வாங்கினியெண்டால் நான் அதிலை ஏறமாட்டன். உன்ரை பெட்டிப் பக்கமும் வரமாட்டன்.”

மகன் கொஞ்ச நேரம் வெள்ளை வண்டியின் நெளிந்த கதவைத் தடவிக்கொண்டு நின்றான். பிறகு அவரிடம், “குறை நினையாதேங்கோ அண்ணை. அம்மா வேண்டாமெண்டால் வேண்டாம்” என்றான்.

நீலத்தை வாங்கினோம். பரிசோதனைக் கடுதாசியில் துருவைப் பற்றி ஒரு வரி இருந்ததாம். அது எழுத்தில் இருந்தது.

வாங்கிய பிறகே எனக்குத் தெரிந்த இன்னொரு விசயமும் இருந்தது. இரண்டாயிரத்து ஒன்பதில் இந்த நாட்டில் வண்டி இலக்கங்களை மாற்றத் தொடங்கினார்கள். பழைய மாதிரித் தகடு உள்ள வண்டி கை மாறினால், அந்த இலக்கம் போய்ப் புது இலக்கம் விழும். நாங்கள் கேட்டு எடுப்பதல்ல, வரிசையில் வருவது. நாங்கள் வாங்கியது அதற்குப் பிறகு. நான் பார்த்து எடுத்த ஒன்பது, வண்டியோடு வீட்டுக்கு வரவேயில்லை.

பத்திரம் மாற்றிப் புதுத் தகடு பூட்டிக்கொண்டு வந்த அன்று மகன் மேலே வந்து சப்பாத்தைக் கழற்றினான்.

“என்ன இலக்கம் விழுந்தது?”

“அது ஏனம்மா இப்ப? தேத்தண்ணி குடிச்சனியளோ?”

ஐந்து மாடி. லிப்ட் இல்லை. நான் இறங்கிப் போனேன். ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவின் ஓரத்தில், மரக்கறிக் கடைக்கு முன்னால் நீலம் நின்றது. ஆறு, சைபர், இரண்டு. ஒரு தரம் கூட்டினேன். கைவிரலை மடக்கி இன்னொரு தரம் கூட்டினேன். எட்டு.

மேலே ஏறி வந்தேன். அவன் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ‘திருப்பிக் கொடு’ என்றோ, ‘இலக்கத்தை விடு, அந்த ஐயாவைக் கொண்டு இரும்பை இன்னொருக்கால் தட்டிப் பார்’ என்றோ. எனக்கு வாய் வரவில்லை.

“நல்ல நிறம்” என்றேன்.

பெட்டியை எடுக்கிற நாள், ஒரு காலை, நான் எலுமிச்சம்பழம் கொண்டு போனேன். வண்டிச் சில்லுக்கும் வைத்தேன், பெட்டிச் சில்லுக்கும் வைத்தேன். தேங்காய் உடைத்தேன். தேங்காய் நன்றாகத்தான் உடைந்தது. லைசென்ஸ் உள்ளவர் என்பதால் புதுச்சேரிக்காரர் ஓட்டினார். அவருக்கு மனமில்லை. மகனுக்காக வந்தார். மகன் பின்னால் நின்று கை காட்டினான்.

அந்த வளவு தெருவைவிடப் பள்ளம். ஏற்றத்தில் வண்டி முக்கி ஏறியது. பெட்டி பின்னால் ஏறியது. பாதி ஏற்றத்தில், பழைய சீலையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். கொக்கி பூட்டியிருந்த இரும்பு, வண்டியின் வால்பக்கத்தோடு பிய்ந்து வந்துவிட்டது. அவசரத்துக்குப் பெட்டியைப் பிடிக்கிற பிரேக் கம்பியையும் அதே இரும்பில்தான் மாட்டியிருந்தோம். அதுவும் இழுபடாமல் கூடவே வந்தது. பெட்டி பின்னால் உருளத் தொடங்கியது.

அந்த வளவிலே என்ன இருந்தது? ஒரு சுவர். சுவரில் மோதி நின்றிருக்கும். தட்டு வளைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அது அவனுடைய குசினி. அவன் ஓடிப்போய், அந்த முதுகைக் கொடுத்தான்.

பெட்டி சுவரில் மோதித்தான் நின்றது. அவன் பக்கவாட்டில் விழுந்து கிடந்தான். புதுச்சேரிக்காரர் ஓடி வந்து, பெட்டியையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், அவன் தலையைப் பிடித்துக்கொண்டு, “அசையாதீங்க தம்பி, அசையாதீங்க” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். பிய்ந்த இடத்தை நான் பார்த்தேன். கறுப்புப் பெயிண்டுக்குள்ளே இரும்பு இல்லை. பிஸ்கற் மாதிரி, செம்மண் மாதிரி ஏதோ இருந்தது. தொட்டேன். விரலில் ஒட்டியது.

அவன் முதுகை இரண்டு முறை அறுத்துச் சிகிச்சை செய்தார்கள். கட்டிலிலிருந்து கழிவறைக்கும், கழிவறையிலிருந்து ஜன்னலுக்கும் நடப்பான். ஐந்து மாடி இறங்குவது வைத்தியசாலைக்குப் போகிற நாளில் மட்டும். லிப்ட் உள்ள வீட்டுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறோம். ஒவ்வொரு வருடமும் கடுதாசி வருகிறது, ஒவ்வொரு வருடமும் காத்திருக்கச் சொல்கிறது. மருமகள் விடியுமுன், வேலை செய்கிறவர்கள் வருமுன், கந்தோர்களின் மேசையும் நிலமும் துடைக்கப் போகிறாள். அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக்காரன் கொண்டு போனான். நீலமும் அதே வழியால் போனது. உயரமான நாற்காலி மட்டும் வீட்டில் இருக்கிறது. அதில் நான் இருந்து ஜன்னலால் தெருவைப் பார்ப்பேன்.

புதுச்சேரிக்காரர் இரண்டு வருடத்துக்குள் வீடு மாறிப் போய்விட்டார். போகும்போது மகனிடம் வந்து விடைபெற்றார். என்னிடமும் “வர்றேம்மா” என்றார். ‘நான் சொன்னேனே’ என்று ஒரு தரமும் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரோடு சண்டை பிடித்தாவது கொஞ்சம் ஆறியிருப்பேன்.

ஒரு நாள் ரூ லூயி-பிளாங் தெருமுனையில் மருந்து வாங்கிக்கொண்டு நின்றபோது அந்த வெள்ளையைக் கண்டேன். நாலு, ஒன்று, மூன்று. கதவு இன்னும் நெளிந்துதான் இருந்தது. பின்னால் சந்தைக் கடைக்காரர் ஒருவரின் பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு, சிவப்பு விளக்கில் நின்றது. விளக்குப் பச்சையானதும் ஒரு முக்கலும் இல்லாமல் போனது. நான் மருந்துப் பையோடு அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து அதை யாருக்கும் சொல்லவில்லை.

எட்டு என்ன செய்தது, துரு என்ன செய்தது என்று இப்போதும் யோசிப்பேன். வெள்ளையும் எட்டுத்தான், அது ஓடுகிறது. நீலமும் எட்டாகித்தான் என் பிள்ளையை விழுத்தியது. கூட்டிக் கூட்டிப் பார்க்கிறேன், விடை வரவில்லை. வந்தாலும் இனி எதற்கு?

மகன் என்னை ஒரு தரமும் குறை சொல்லவில்லை. “விடுங்கோ அம்மா, என்ரை விதி” என்பான். அது அவன் விதியல்ல, என் வாய். வண்டி விற்ற வளவில் நான் பேசியிருக்கக் கூடாது. அந்தத் தேத்தண்ணீர் நேரத்தில் நான் பேசாமல் இருந்திருக்கக் கூடாது. இதை அவனுக்கு முன்னால் நின்று சொல்ல இத்தனை வருடமாக எனக்கு வாய் வரவில்லை. ஆறு பிள்ளை வளர்த்தவள் என்கிற தலைக்கனம். அதனால்தான் எழுதினேன். இதைக் கேட்டு அவன் முதுகு நிமிரப் போவதில்லை. அது எனக்குத் தெரியும்.

அவனுடைய மகள் பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டாள். தமிழ் வகுப்பில் படித்தவள், என் கோணல் எழுத்தையும் வாசிப்பாள்.

“இஞ்சை வா பிள்ளை. இதை எனக்கு ஒருக்கால் வாசிச்சுக் காட்டு.”

தாள்களைப் புரட்டிப் பார்த்து, இவ்வளவையுமா என்று பிரெஞ்சில் கேட்கிறாள்.

“ஓம், முழுக்க. பிழையைத் திருத்தாதை. அந்த அறைக் கதவைத் திறந்துவிட்டிட்டு, சத்தமாய் வாசி. அப்பாவுக்குக் கேக்கோணும்.”