எடு என்று சொன்னது

மருத்துவமனையில் அவருக்கு வைத்த பெயர் சோதனை. ஆறு ஏக்கர் புல்வெளியை வெட்டும் வண்டியை ஓட்டுகிறவர். சாவியைத் தொடுமுன் அதைச் சோதிப்பார், இதைச் சோதிப்பார். அவர் தலை தெரிந்தாலே சமையலறைப் பெண்கள், "நமக்கு வந்த சோதனை" என்று முணுமுணுப்பார்கள். காதில் விழும். விழாத மாதிரி போவார்.

வேறொன்றுமில்லை, பயம். பன்னிரண்டு வருஷம் அந்த இருக்கையில் உட்கார்ந்தும் அது இம்மியும் குறையவில்லை. அவருக்கு முன்னால் ஓட்டியவர் எஞ்சின் கொதிக்கக் கொதிக்க பெட்ரோல் ஊற்றினார். குப்பென்று பிடித்துக்கொண்டது. அதே மருத்துவமனைக்குள்ளேதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே பார்த்து நின்ற இவர் கையில் மறுவாரம் சாவியைக் கொடுத்தார்கள்.

அதனால் காலையில் வண்டியைக் கொட்டகைக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் பெட்ரோல் ஊற்றுவார். அடைத்த இடத்தில் ஆவியும் தேங்கும், புகையும் தேங்கும். ஒரு சொட்டுச் சிந்தினால் துடைத்து, காய்கிறவரை நிற்பார். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பார். நடுவில் பெட்ரோல் தீர்ந்தால் அரைமணி நேரம் மரத்தடிதான். மேலாளர் தலைகீழாக நின்றாலும் எஞ்சின் ஆறாமல் மூடியைத் திறக்கமாட்டார். பிளேடு பக்கம் கை போக வேண்டுமென்றால் மூன்று காரியம்: பிளேடை எஞ்சினோடு கோக்கும் லீவரை இறக்க வேண்டும், சாவியை உருவ வேண்டும், எஞ்சினுக்குப் பொறி போகாதபடி பிளக் மூடியைப் பிடுங்கிவிட வேண்டும்.

அன்று வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாதிப் புல்தான் முடிந்திருந்தது. யாரோ துணி காயப்போட்ட நைலான் கயிறு புல்லுக்குள் கிடந்து பிளேடில் சுற்றிக்கொண்டது. எஞ்சின் முக்கிவிட்டுத் தானாகவே நின்றது.

அந்த நேரம் பார்த்து மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, அங்கேயே குழாய் வேலை. முந்தின நாள் ராத்திரி மாமா மூன்று தரம் எழுந்துபோய் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்த்ததை அக்கா சொல்லிச் சிரித்தாளாம். இவரும் பதிலுக்கு, உங்க அக்காவைக் கட்டினவனுக்குத் தூக்கம் எங்கே வரும் என்றார். பேச்சு பாட்டுக்கு நடந்தது, கை பாட்டுக்கு வேலை செய்தது. மண்டியிட்டு, வெட்டின புல் வெளியே வந்து விழும் பக்கவாட்டு வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டார். கயிறு அறுக்கும் பேனாக்கத்தி பற்களுக்கிடையில் இருந்தது.

விரல் பிளேடின் முனையைத் தொட்டபோதுதான் உறைத்தது. மூன்றையும் செய்தோமா?

பிளக் மூடியைப் பிடுங்குகிற கை கண்ணுக்குள் தெரிந்தது. அது இன்றைய கையா, நேற்றைய கையா? தினமும் செய்கிற காரியம். எல்லா நாளும் ஒரே நாளாகக் கிடந்தது. சாவியை உருவவில்லை என்பது மட்டும் நிச்சயம். சட்டைப் பையில் அதன் கனம் இல்லை. கையை இழுத்தார். கயிறு விரலைச் சுற்றியிருந்தது, வரவில்லை.

கத்தியைக் கடித்தபடியே, "மாப்ள, எடு" என்றார். சாவியை எடு என்றுதான் சொல்ல வந்தார். முதல் பாதி பல்லுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"எடுக்கவா மாமா?"

"ம்."

வண்டியை எடுப்பதும் எடுப்பதுதானே. மச்சினன் அந்தப் பக்கம் நின்றான். கை உள்ளே இருப்பது அவனுக்குத் தெரியாது. இருக்கையின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. பிளேடு லீவர் மேலே இருந்தால் வண்டி எடுக்காமல் தடுக்க ஒரு சுவிட்ச் உண்டு. அது கெட்டுப்போன அன்று மெக்கானிக் ரெண்டு ஒயரை முறுக்கிச் சேர்த்துவிட்டுப் போனது அவருக்கு நினைவு வந்தது.

ஸ்டார்ட்டர் கர்ரென்றது. எஞ்சின் பிடிக்கவில்லை, ஆனால் பிளேடு நகர்ந்தது. லீவரை அவர் இறக்கியிருக்கவில்லை. பிளேடு மெதுவாக அவர் கையைத் தள்ளிக்கொண்டு போய்த் தகரத்தோடு அழுத்தி நின்றது. வலிக்கு முன்னால் மச்சினனின் குரல் வந்தது.

"பிடிக்கல மாமா. சோக்க இழுத்துட்டு இன்னொரு தடவ பாக்கறேன்."

கத்தியைத் துப்பினார். எடு, விடு, போடு என்று வாயில் வந்த சொல்லெல்லாம் வண்டிக்கும் பொருந்துகிற சொல்லாகவே இருந்தது. "இறங்குடா" என்றார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி சொன்னார். "இறங்கு. கை உள்ள இருக்கு."

மச்சினன் இறங்கவில்லை, விழுந்தான். எழுந்து சாவியை உருவி, லீவரை இறக்கினான். பெல்ட் தளர்ந்து பிளேடு வழிவிட்டது. புறங்கை நீலம் பாய்ந்து கை வெளியே வந்தது. விரல் ஐந்தும் இருந்தன. ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். பிளக் மூடி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. எப்போது பிடுங்கினார் என்று அவருக்கு இன்றும் தெரியாது.

"நீங்கதான மாமா எடுன்னீங்க?"

"சாவிய எடுன்னேன்."

தூறல் போட்டது. கயிறு இன்னும் உள்ளே கிடந்தது. மறுபடி மண்டியிட்டார். சாவி தன் பையில், லீவர் கீழே, மூடி வெளியே. தெரிந்தும் கை போகமாட்டேன் என்றது.

"முன்னாடி வா மாப்ள. ரெண்டு கையையும் பானெட்டு மேல வை. நான் சொல்ற வரைக்கும் அசைக்காத."

போலீஸ் பிடித்த திருடன் மாதிரி அவன் வைத்துக்கொண்டு நின்றான். பானெட் சுட்டிருக்கும்; கையை எடுக்கவில்லை. அவனுடைய பத்து விரலையும் பார்த்தபடியே, இவர் அடிபடாத கையை உள்ளே விட்டார்.