கோலமாவில் ஒரு சமையலறை

திருப்பரங்குன்றத்தைத் தாண்டி நாங்கள் வாங்கிய மனை, தெருவிலிருந்து கிழக்கே போகப் போகத் தாழ்ந்துகொண்டே போகும். முன்பக்கம் நழுவவிட்ட பந்து பின்வேலியில்தான் போய் நிற்கும். என் மகளுக்கு அந்தச் சரிவு மிகவும் பிடித்திருந்தது. அவளுக்கு அப்போது இரண்டரை வயது. எனக்கு அதனாலேயே பயம்.

இன்ஜினியர் போட்ட பிளானில் கூடம் மேலே இருந்தது, சமையலறை கீழே. நடுவில் மூன்று படிகள். அதைப் பார்த்த நாளிலிருந்து போன வீடுகளிலெல்லாம் நான் படிகளையே பார்த்தேன். ஒரு கல்யாணத்தில் எல்லோரும் பந்திக்கு இடம் பிடிக்க ஓடும்போது, நான் மண்டபத்துப் படியின் உயரத்தை என் கணுக்காலோடு ஒப்பிட்டுக்கொண்டு நின்றேன்.

"வீட்டுக்குள்ள படியே வேண்டாங்க," என்று கணவரிடம் சொன்னேன்.

"அம்புட்டுத்தான? கீழ்ப்பக்கம் கிராவல் மண்ணை அடிச்சு மட்டம் பண்ணிருவோம்," என்றார். டிப்பர் லாரிக்கும் சொல்லிவிட்டார்.

நிம்மதி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. கொட்டிய மண் மழைக்கு அமுங்கினால் தரை விரிசல் விடாதா? போதாததற்குப் பின்மனை அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "நல்லா உசத்தித்தான் கட்டுவீகளோ?" என்று கேட்டார். கேட்கும்போதே அவர் கண் தன் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்குப் போய்த் திரும்பியது. நாங்கள் உயர்த்தினால் அந்த ஜன்னலுக்கு நேரே எங்கள் சுவர் எழும்பிவிடும். அந்தப் பார்வைதான் எனக்கு உறுத்தியது.

நான் மறுபடி குழம்புவது கணவருக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில், "மண்ணு நாளைக்கு வருது. வேணாம்னா இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள சொல்லிரு. நீ சொல்றதுதான் முடிவு," என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காகிதத்தில் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. எனவே கோலமாவு வாளியை எடுத்துக்கொண்டு, மகளோடு மனைக்குப் புறப்பட்டேன். பேரையூரிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அத்தையும், என் கணவரின் அம்மா, கிளம்பினார். கணவர் டேப்பைப் பிடித்துக்கொள்ள, பிளானில் உள்ளபடியே தரையில் சுவர்களைக் கோலமாவால் இழுத்தேன். வாசல் வரும் இடங்களில் இடைவெளி விட்டேன்.

வெட்டவெளியில் அறைகளெல்லாம் சுருங்கிப்போய்த் தெரிந்தன. அத்தை தன் அறைக்குள் நின்று சுற்றிப் பார்த்தார்.

"ஏத்தா, இதுக்குள்ள நான் படுத்தா காலு தெருவுக்குப் போயிருமே."

"சுவர் வந்தா பெருசாத் தெரியும்மா," என்றார் கணவர்.

"பாப்போம். இல்லாட்டி மடக்கிப் படுத்துக்கிறேன்."

கோலமாவு என்பதால் யாருக்கும் கோட்டை மிதிக்க மனம் வரவில்லை. எல்லோரும் இடைவெளி வழியாகவே போய் வந்தோம். கணவர்கூடத் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கூடத்தைச் சுற்றி வாசல் வழியாக வெளியே போனார். வேடிக்கை பார்க்க வந்த பின்மனை அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு, "வாசல் எந்தப் பக்கம், தங்கச்சி?" என்று கேட்டார். வெறும் பொட்டல்தான். ஆனாலும் நான் கையைக் காட்டி, "இப்படி வாங்கக்கா," என்றேன். அந்த ஒரு நொடி, வீடு கட்டி முடிந்ததுபோல் மனது நிறைந்தது.

கடைசியாகத் தென்கிழக்கு மூலையில் சமையலறையை வரைந்தேன். உள்ளே நின்றபடியே நாலு பக்கமும் இழுத்துவிட்டேன்.

கோட்டுக்கு வெளியே அத்தை நின்றார். "நான் எப்படி வாரது? சுவரேறிக் குதிக்கவா?"

வாசலுக்கு இடம் விட மறந்திருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். "நல்லதாப் போச்சு, சமையல் முடியிற வரைக்கும் யாரும் தொந்தரவு பண்ண மாட்டாக," என்றார் அக்கா.

சிரித்துக்கொண்டே, அடுப்பு வரும் இடத்தில் வழக்கப்படி கிழக்கைப் பார்த்து நின்று பார்த்தேன். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. கூடம் முழுவதும் என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. காகிதத்தில் மேலிருந்து பார்த்தபோது எல்லாமே கண்ணுக்குள் இருந்தன. இங்கே நின்றால் என் மகள் எங்கே என்றே தெரியவில்லை.

திரும்பினேன். அவள் மேலே, படிகள் வரவேண்டிய இடத்தில் நின்றிருந்தாள். நான் ஓடுவதற்குள் அவள் எனக்கு முதுகைக் காட்டிக் குப்புறப் படுத்தாள். கால்களை முதலில் இறக்கி, சரிவில் மெதுவாகப் பின்னோக்கி ஊர்ந்து, சட்டையெல்லாம் மண்ணாக என் காலடிக்கு வந்து சேர்ந்தாள். எழுந்து, "இன்னொருக்கா," என்றாள்.

கட்டிலிலிருந்து இறங்கும்போது அவள் தினமும் செய்வதுதான் அது. நானும் தினமும் பார்த்ததுதான். அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது: என் பயம் படியைப் பற்றியதல்ல, நான் பார்க்காமல் இருக்கும்போது அவள் இறங்குவதைப் பற்றியது.

"அத்தை, அடுப்பு மட்டும் கிழக்கே பார்த்தாப் போதும்ல? காய் நறுக்குற மேடை, கழுவுற தொட்டியெல்லாம் படியைப் பார்த்து இருக்கலாமா?"

அத்தை யோசித்தார். "அடுப்புதான் கணக்கு. வெண்டக்கா நறுக்குறத எந்தச் சாமியும் திசை பார்க்காது."

"அப்ப இந்தச் சுவர்?" நான் காட்டியது படிக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்த கோட்டை.

"வேண்டாம்னா எடுத்துரு," என்றார் கணவர்.

எடுப்பதுதான் சிரமமாக இருந்தது. கோலத்தைக் காலால் அழிக்க எனக்குக் கூசியது. அக்கா தன் வீட்டுக்குப் போய் விளக்குமாறு கொண்டுவந்தார். ஒரு சுவரை நானே பெருக்கித் தள்ளினேன்.

"மண்ணு வேண்டாம்னு சொல்லிருங்க," என்றேன். கணவர் அங்கேயே நின்று டிப்பர்காரருக்குப் போன் செய்தார். விளக்குமாற்றை வாங்கிக்கொண்ட அக்கா தன் ஜன்னலை ஒருமுறை பார்த்தார். "நீங்க அடுப்புகிட்ட நின்னா என் முகம்தான் தெரியும். பரவாயில்லையா?" என்று கேட்டுச் சிரித்தார்.

இப்போது பேஸ்மட்டம் வரை கட்டடம் எழும்பிவிட்டது. சரிவு அப்படியேதான் இருக்கிறது. போன வாரம் கணவரிடம், மூன்று படிக்குப் பதில் நாலாகப் போட்டால் ஒவ்வொன்றின் உயரமும் குறையுமே என்று கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்ஜினியரைக் கூப்பிட்டார். நாலு படி வருகிறது. மகள் அதற்குள் நின்றுகொண்டே இறங்கப் பழகிவிட்டாள்.