ருக்மணி குடித்த தண்ணீர்

மகளை ஊர்க்காரியத்துக்கு அனுப்பும் தாய், வாசலில் நின்று கடைசியாக என்ன சொல்ல வேண்டும்? இது எனக்கு இன்னும் தெரியவில்லை.

போன வாரம் என் மகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். பீங்கான் கிண்ணத்துத் தண்ணீரில் பர்மாங்கனேட் பொடியைத் தூவினேன். ஊதா நூல் நூலாக இறங்கிக் கலைந்தது. நனைந்த இரும்பைப் போல ஒரு வாசனை. கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டேன்.

"எனக்குத்தானம்மா எரியுது, நீ ஏன் தள்ளி வைக்குற?" என்று சிரித்தாள்.

அவளுக்கு, என்னோடு படித்த ருக்மணியைத் தெரியாது.

யுத்தத்துக்கு முன்பு, மதுரையில் நான் படித்த பெண்கள் பள்ளியில் சனிக்கிழமை என்றால் சேவை. "காலராவைப் பத்திப் பரீட்சையில எழுதினா போதுமா? வாங்க, கிணத்துக்குப் போவோம்" என்பார் எங்கள் டீச்சர். சித்திரைத் திருவிழாக் கூட்டம் கலைந்ததும் வாந்திபேதி வரும். இதே ஊதா மருந்தை வாளியில் கரைத்துத் தெருத்தெருவாகக் கிணறுகளில் ஊற்றுவோம். மறுநாள் காலையில்தான் இறைக்கலாம். வாளி சுமக்கும் பெருமை எனக்கு. கிணற்றுக்குப் போனதைவிட என் பாவாடைக்குப் போனதுதான் அதிகம். அந்தப் பழுப்புக் கறை எந்த வெளுப்புக்கும் போகவில்லை.

கறை என்றதும் நூலுக்குச் சாயம் போடும் ஒருவர் நினைவுக்கு வருகிறார். ருக்மணியின் தெருவில் எல்லோரும் நெசவு, வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஈர நூல் காயும் கொடிகளுக்குக் கீழே குனிந்துதான் போக வேண்டும். ஊதாவான கிணற்றை எட்டிப் பார்த்தார் அவர்.

"ஏம் பாப்பா, சாயம் போடுறவனுக்கே சாயங் காட்டுறீகளா? வேட்டியில பட்டாலே போகாது, கொடல்ல பட்டா போகுமா?"

தெருவே சிரித்தது. மறுநாள் காலையில் ஒருவரும் அந்தத் தண்ணீரை எடுக்கவில்லை. பேதி பரவியிருந்த ஆற்றங்கரைக்கே குடத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். டீச்சர் ஒரு செம்பு இறைத்துக் குடித்துக் காட்டினார். "நீங்க வெளியூரு. எங்க புள்ள குடிக்கட்டும்" என்றாள் ஒருத்தி. ருக்மணி குடித்தாள். அதன்பிறகே மற்றக் குடங்கள் இறங்கின.

அதுவே வழக்கமாகிவிட்டது. மருந்து ஊற்றிய பெண் மறுநாள் முதல் செம்பைக் குடிக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட என் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"மருந்து ஊத்து, வேணாங்கல. ஒரு வாய் குடிக்காத. அம்புட்டுத்தான்."

நான் சொன்ன சொல் தட்டாத பெண். என் முறை வந்த கிணற்றடியில் செம்போடு விழித்துக்கொண்டு நின்றேன். ருக்மணிதான் வாங்கிக்கொண்டாள்.

"கொண்டாடி. ஒங்கம்மா வைவாங்க. எனக்குத் தாகமாத்தான் இருக்கு."

அந்தத் தெருவில் வேறு யாருக்கும் பேதி வரவில்லை. அவளுக்கு வந்தது. மூன்றாம் நாள் இறந்துபோனாள். வகுப்பில் அவள் இடத்தில் யாரும் உட்காரவில்லை. கிணற்றுத் தண்ணீர்தான் காரணமா, நோயாளி வீடுகளுக்கும் போய்வந்தாளே, அங்கே தொற்றியதா? டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. சனிக்கிழமைச் சேவை நின்றது. டீச்சர் ஊரைவிட்டே போய்விட்டார்.

கல்யாணமாகிச் சில வருடம் கழித்து ருக்மணியின் தெரு வழியாகப் போனேன். சாயக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். "வாளி தூக்குன பாப்பாதானே? அந்தப் புள்ள குடிச்சாளேன்னுதான் நாங்களும் குடிச்சோம்." அவ்வளவுதான் சொன்னார். கிணற்றின் மேல் பலகைக் கல் கிடந்தது, பக்கத்தில் குழாய். ருக்மணி வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். அந்த ஊதா நிறத்தை அந்தத் தெருவில் இனி யாரும் பார்க்கப்போவதில்லை.

ஆனால் மதுரைக்கு வெளியே பரவைப் பக்கத்துக் கிராமங்களில் கிணறுகள் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை என் மகளின் வகுப்பு அங்கே மருந்து ஊற்றப் போகிறது. அங்கேயும் ஊற்றிய பெண்தான் முதல் செம்பைக் குடிக்க வேண்டுமாம். "நானும் போறேம்மா" என்கிறாள். போகட்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் 'ஒரு வாய் குடிக்காத' என்ற அம்மாவின் வரியைச் சொல்லி அனுப்புவதா? சொன்னால், வேறு யாரோ பெற்ற பெண் அந்தச் செம்பை வாங்கிக்கொள்வாள். சொல்லாவிட்டால், என் மகள் குடிப்பாள்.

பிள்ளை பெற்றவர்கள் யாராவது சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். நான் வாசலில் நின்று என்ன சொல்லட்டும்?